பத்து நிமிட முகவரி

இந்த இடம் காலிதானே, தாயி? பையை எடுக்க வேண்டாம், இருக்கட்டும். ஓரத்தில் நாலு விரல் இடம் போதும் எனக்கு. எப்படியும் ரொம்ப நேரம் உட்காரப்போவதில்லை. மணி என்ன? ஒன்பது நாற்பதா? என் கடிகாரம் ஒன்பது நாற்பத்திரண்டு என்கிறது. உன்னுடையதே சரியாக இருக்கட்டும். இரண்டு நிமிஷம் லாபம்.

அந்தக் கண்ணாடிக் கதவுக் காவலாளி என்னை விரட்டியதை நீயும் பார்த்தாய் அல்லவா? ஆஸ்பத்திரி முழுக்கப் பார்த்தது. நான் என்ன தப்பாகக் கேட்டுவிட்டேன்?

"யாரைப் பாக்கணும், பெரியவரே?"

"உள்ள இருக்கிற ஒரு ஆளை."

"பேரு?"

"தெரியாது."

"ஆள் எப்படி இருப்பாரு?"

"பாத்ததில்ல."

"சரி, உங்க பேரு என்ன?"

"அது எதுக்கு உனக்கு?"

இதில் கோபப்பட என்ன இருக்கிறது? முதல் மூன்று கேள்விக்கும் உண்மையைச் சொன்னவன் நான். பொய் சொல்லியிருந்தால் இந்நேரம் உள்ளே போயிருப்பேன். எனக்குப் பொய் சொல்ல வராது என்று இல்லை. நன்றாக வரும். இன்றைக்கு மட்டும் வேண்டாம் என்று பார்க்கிறேன்.

விஷயம் சுருக்கம்தான். இந்த ஆறாவது மாடியில் ஒருவனுக்குப் பதினோரு மணிக்கு நெஞ்சைப் பிளந்து ஆபரேஷன். பத்தேகாலுக்கு ஊசி போட்டு மயக்கிவிடுவார்கள். அதற்குள் நான் அவனைப் பார்த்தாக வேண்டும். மூன்று வருஷப் பழக்கம். அவன் பெயர் எனக்குத் தெரியாது, என் பெயர் அவனுக்குத் தெரியாது. அவ்வளவுதான்.

சிரிக்கிறாயா? சிரி. நீயும் யாருக்கோ காத்திருக்கிறாய், பாவம். அப்பாவுக்கா? சரி, சரி, நல்லபடியாக வருவார். நான் சொல்வது பலிக்கும். முப்பத்தாறு வருஷம் நில அளவையில் இருந்தவன். மலையடிவாரத்தில் ஒருமுறை சங்கிலியாள் பயந்து ஓடிவிட்டான், ஒரு புலி வந்து சங்கிலியின் மறுமுனையைக் கவ்விக்கொண்டு நின்றது. நான் அளந்து முடிக்கிறவரை அசையவில்லை. என்ன, அது கொஞ்சம் தளர்த்திப் பிடித்ததால் கணக்கில் இரண்டு கண்ணி பிசகிவிட்டது. அந்தப் பிசகை இன்றைக்கும் ஆவணத்தில் பார்க்கலாம்.

இரு, லிஃப்ட் திறக்கிறது. டாக்டரா? இல்லை, சாப்பாட்டு வண்டி.

என்ன கேட்டாய்? பெயர் தெரியாமல் எப்படிப் பழக்கம் என்றா? அதற்கு முதலில் நான் ஏன் பெயரைச் சொல்வதில்லை என்று தெரிய வேண்டும். எங்கள் ஊரில் ஒரு பாத்திரக் கடை. பெயர் வேண்டாம். ஒரு குக்கர் வாங்கினோம், பரிசுக் கூப்பன் என்று ஒரு தாளை நீட்டினார்கள். அப்போது நான் யோக்கியன். பெயர், வயது, போன், மெயில், பிறந்த நாள், கல்யாண நாள் எல்லாவற்றையும் முத்து முத்தாக எழுதிக் கொடுத்தேன். பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பி வாசலில் செருப்பு மாட்டுவதற்குள் முதல் போன். 'சார், செங்கல்பட்டுல மனை பாக்குறீங்களா?' அன்றிலிருந்து பிடித்தது சனி. முழங்கால் தைலம், வழுக்கைக்கு மருந்து, பெண் தேடித் தருகிறோம், பிள்ளை தேடித் தருகிறோம். ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மெயில். போன் சூடேறி, மருமகள் அதன்மேல் அப்பளம் சுட்டாள். நம்பாவிட்டால் அவளைக் கேள்.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. மறுவருஷம் கார்த்திகையில் என் வீட்டுக்காரி போய்ச் சேர்ந்தாள். தை மாதம் ஒரு மெயில். 'கோமதி அம்மாளுக்கும் இன்னாருக்கும் இனிய திருமண நாள் வாழ்த்துகள். இருவரும் சேர்ந்து வந்தால் இருபது சதவீதம் தள்ளுபடி.' இன்னார் யார் என்று நீ கேட்கக்கூடாது.

மணி என்ன? அதற்குள்ளா?

அன்றைக்குத்தான் மருமகள் நர்மதா எனக்கு அந்த வித்தையைக் காட்டினாள். அவள் கம்ப்யூட்டர் கம்பெனிக்காரி, வீட்டிலிருந்தே வேலை. "மாமா, எதுக்கெடுத்தாலும் சொந்த மெயிலைக் குடுக்காதீங்க. இதப் பாருங்க" என்றாள். ஒரு பக்கத்தைத் திறந்தால் அது நமக்கு ஒரு மெயில் முகவரியைத் தானாகத் தருகிறது. வாயில் நுழையாத எழுத்தும் எண்ணுமாக இருக்கும். பத்து நிமிஷம்தான் அதற்கு ஆயுசு. அதைக் கொடுத்து எங்கே வேண்டுமானாலும் கணக்குத் திறக்கலாம். உறுதி செய்யச் சொல்லி வருகிற கடிதம் அந்தப் பெட்டியில் வந்து விழும், ஒரு தட்டுத் தட்டினால் வேலை முடிந்தது. பத்து நிமிஷம் கழித்துப் பெட்டியும் இல்லை, முகவரியும் இல்லை. தைலக்காரன் கதவைத் தட்ட வந்தால் வீடே இருக்காது. தாயி, சம்பளம் வாங்கிய அத்தனை வருஷத்திலும் எனக்கு இவ்வளவு சந்தோஷம் வந்ததில்லை.

"சும்மா ஒரு தடவ பாக்குற சைட்டுக்கு மட்டும்தான் மாமா. திரும்பத் திரும்ப வேணுங்கிற இடத்துக்கு இதக் குடுக்கக் கூடாது" என்றும் சொன்னாள். அதை நான் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. மருமகள்கள் எதையாவது சொல்லி முடிக்கும்போது கடைசியில் ஒரு 'ஆனால்' வைப்பார்கள், அது வழக்கம்.

பேப்பர் படிக்க ஒரு பெயர், மாத்திரை விலை பார்க்க ஒரு பெயர், மழை நிலவரத்துக்கு ஒரு பெயர். ஒரு இடத்தில் நான் மேஜர் சுந்தரவதனம், ஒரு இடத்தில் வெள்ளைத்துரை. சமையல் குறிப்புக்கு சிஸ்டர் ரோஸ்லின். சிஸ்டர் ரோஸ்லின் மீன் குழம்பைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு ஒரு மடத்திலிருந்தே சந்தேகம் கேட்டார்கள். மொத்தம் அறுபத்து மூன்று கணக்கு. ஒன்றில்கூட நான் கிடையாது.

இப்படி ஒரு நாள் ஆடுபுலி ஆட்டம் ஒன்று அகப்பட்டது. போனில் ஆடுகிறது. மூன்று புலி, பதினைந்து ஆடு. நாம் ஒரு பக்கம், எந்த ஊர்க்காரனோ மறுபக்கம். கீழே பேசிக்கொள்ள ஒரு கட்டம். பத்து நிமிஷ முகவரியைக் கொடுத்துச் சேர்ந்தேன். பெயர்: சிங்கப்பூர் சிங்காரவேலு. இருபத்து நாலு மாடி ஓட்டலுக்குச் சொந்தக்காரன். எதிரே வந்து உட்கார்ந்தவன் கேப்டன் அந்தோணி. முப்பத்திரண்டு வருஷம் கப்பல் ஓட்டியவனாம். இவன்தான் அவன். உள்ளே படுத்திருக்கிறவன்.

தினம் காலை ஒன்பதிலிருந்து பத்து. மூன்று வருஷம். அவன் எப்போதும் புலி, நான் எப்போதும் ஆடு. ஞாயிற்றுக்கிழமை கிடையாது, அவன் கோயிலுக்குப் போவான். முதல் ஒரு மாதம் ஆட்டம் மட்டும். பிறகு அவன் திமிங்கிலத்தைப் பற்றிச் சொன்னான். நான் என் ஓட்டலுக்கு வந்த ராஜாவைப் பற்றிச் சொன்னேன். அவன் கப்பலில் ஒரு பசு கன்று போட்டது. என் லிஃப்டில் ஒரு கல்யாணமே நடந்தது. எங்களுக்குள் ஒரு பண்பாடு இருந்தது தாயி, ஒருவர் சொல்வதை மற்றவர் எதிர்க்கேள்வி கேட்பதில்லை.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். கேப்டன் நல்லவன், ஆனால் ஏமாளி. எதைச் சொன்னாலும் நம்பிவிடுவான். நான் சிங்கப்பூர் நேரத்துக்குத் தனியாக ஒரு கடிகாரம் வாங்கிச் சுவரில் மாட்டியிருந்தேன், இரண்டரை மணி நேரம் கூட்டி. அங்கே மழையா வெயிலா என்று காலையில் பார்த்து வைத்துக்கொண்டுதான் உட்காருவேன். இருந்தும் ஒரு நாள் கை தவறி, 'சஞ்சீவி மலையில் மேகம் இறங்கிவிட்டது' என்று எழுதிவிட்டேன். சஞ்சீவி மலை எங்கே இருக்கிறது? எங்கள் ராஜபாளையத்தில். உடனே சுதாரித்து, 'சிங்கப்பூரிலும் அந்தப் பெயரில் ஒரு மலை உண்டு' என்று போட்டேன். 'அப்படியா, உலகம் சின்னது' என்று எழுதினான். பாவம். இன்னொரு தடவை, 'இருங்கள், மில்லில் சங்கு ஊதுகிறது, சோறு வைக்கப் போக வேண்டும்' என்று எழுதிவிட்டேன். 'ஓட்டல் முதலாளியே சோறு வைக்கிறீர்களா, நல்ல மனசு' என்றான். இப்படி ஒருவன் எப்படிக் கப்பலை ஓட்டினான் என்று எனக்கு அப்போதே சந்தேகம்.

என்ன தாயி, போனிலேயே தட்டிக்கொண்டிருக்கிறாய்? போரடிக்கிறேனா? இல்லையா? சரி, தட்டிக்கொண்டே கேள். என் மருமகளும் அப்படித்தான்.

போன மாதத்திலிருந்து அவனுக்கு நெஞ்சில் வலி. ஆட்டத்தைப் பாதியில் விட்டுவிட்டுப் போவான். திங்கட்கிழமை எழுதினான், 'ஆஸ்பத்திரியில் சேர்ந்துவிட்டேன். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு அறுக்கிறார்கள். பத்தேகாலுக்கு ஊசி. மதுரைதான். ஆறாவது மாடி. ஜன்னலில் கண்மாய் தெரிகிறது. கண்மாய்க் கரையில் ஒரு செல்போன் டவர். டவருக்கு நேர் பின்னால் யானைமலையின் தும்பிக்கை. வலது கைப்பக்கம் மடை இருக்கிறது, ஜன்னல் சுவரோடு ஒரே கோட்டில்.' இப்படி அடுக்கிக்கொண்டே போகிறான். வலியில் இருக்கிறவன் எதற்கு இதையெல்லாம் எழுதுகிறான்? மறைக்கத் தெரியாதவன், வேறென்ன. ஒரு அளவைக்காரனிடம் இரண்டு நேர்கோட்டைக் கொடுப்பது பூட்டையும் சாவியையும் சேர்த்துக் கொடுப்பது போல. அவனுக்கென்ன தெரியும், நான் ஓட்டல்காரன் இல்லை என்று.

அதோடு ஒரு கேள்வி கேட்டான். 'உங்கள் ஊரிலிருந்து முதல் பஸ் எத்தனை மணிக்கு?'

மருந்து தலைக்கு ஏறிவிட்டது என்று புரிந்துகொண்டேன். சிங்கப்பூரில் இருக்கிறவனிடம் பஸ் கேட்கிறான். 'இங்கிருந்து பஸ் கிடையாது, கேப்டன்' என்று பொறுமையாக எழுதினேன். 'அதுவும் சரிதான். ஐந்தரை பஸ் ஏறினால் எட்டரைக்குள் வந்துவிடலாம் என்று யாரோ சொன்னார்கள்' என்றான். பார், எவ்வளவு குழப்பம்.

தற்செயலாக இன்றைக்கு நான் ஏறி வந்ததும் ஐந்தரை பஸ்தான்.

கொஞ்சம் நிற்கிறேன், கால் குடைகிறது. அந்த ஜன்னல் வழியாகப் பார், டவர் தெரிகிறதா? தும்பிக்கை அதற்கு இடது பக்கம் தள்ளி இருக்கிறது, இல்லையா? அப்படியானால் இந்த ஜன்னல் இல்லை. அவன் அறை கதவுக்கு அந்தப்பக்கம், நாலாவதோ ஐந்தாவதோ. தாலுகா வரைபடத்தை விரித்து வைத்து, ஸ்கேலை வைத்து இரண்டு கோடு போட்டேன். மூன்று கட்டடம் அகப்பட்டது. ஒன்று துணிக்கடை, ஒன்று கல்யாண மண்டபம். மூன்றாவது இது. முப்பதடி கூடத் தப்பவில்லை. இந்தக் கதவு மட்டும்தான் கணக்கில் வரவில்லை.

ஏன் அவனிடமே கேட்கவில்லை என்கிறாயா? அதைத்தானே சொல்ல வருகிறேன். செவ்வாய்க்கிழமை துணி துவைக்கிற வாளியில் போன் விழுந்துவிட்டது. மகன் வேறு போன் வாங்கிக் கொடுத்தான். ஆட்டத்தைத் திறந்தால் கடவுச்சொல் கேட்கிறது. மூன்று வருஷத்துக்கு முன் போட்டது, யாருக்கு ஞாபகம்? 'மறந்துவிட்டது' என்று தட்டினேன். 'கவலை வேண்டாம், உங்கள் மெயிலுக்கு இணைப்பு அனுப்பிவிட்டோம்' என்றது. எந்த மெயில்? மூன்று வருஷத்துக்கு முன்னால் பத்து நிமிஷம் உயிரோடு இருந்த மெயில். நர்மதா வந்து பார்த்தாள். எதையோ சொல்ல வாயெடுத்தாள், என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. "அந்தக் கணக்கு இனி வராது மாமா" என்று மட்டும் சொன்னாள். சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன், கொஞ்சம் ஆறியிருக்கும்.

புதிய பெயரில் சேர்ந்தேன். கேப்டனுக்கு எழுதப் போனால் விடவில்லை. புதிதாகச் சேர்ந்தவர்கள் மூன்று நாளைக்கு யாருக்கும் எழுத முடியாதாம். பொய் முகவரியோடு வருகிற ஆட்களுக்காகப் போட்ட விதியாம். இப்படிப்பட்டவர்களும் ஊரில் இருக்கிறார்கள், என்ன செய்வது.

மணி? பத்தா? பத்து அடித்துவிட்டதா?

உனக்கு ஒரு தைரியம் தாயி, உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாய். எனக்கு அப்படி வராது. ஒரு ஆட்டத்துக்காக இவ்வளவு தூரம் வர வேண்டுமா என்று நீ நினைக்கலாம். நியாயம். இரண்டு புலியைக் கட்டிவிட்டேன், மூன்றாவதுக்கு ஒரே ஒரு வழிதான் பாக்கி. அதை முடிக்காமல் அவன் எங்கேயும் போகக்கூடாது. அதற்காகத்தான் வந்தேன். வேறொன்றுமில்லை.

வேறொன்றுமில்லை என்றேன் அல்லவா. ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை கடைசியில் அவன் எழுதினான், 'வர முடியுமா?' என்று. இரண்டே சொல். நான் 'வருகிறேன்' என்று அடித்தேன். அடித்துவிட்டுப் பார்த்தால், வருகிறவன் யார்? சிங்காரவேலு எப்படி ராஜபாளையம் பஸ்ஸில் இறங்குவான்? அழித்துவிட்டேன். 'விமானத்தில் இடமில்லை, எல்லாம் நிறைந்துவிட்டது' என்று எழுதினேன். ஒரு நிமிஷம் கழித்து, 'பரவாயில்லை' என்று வந்தது. மறுநாள் திருத்தி எழுதிவிடலாம் என்று இருந்தேன். மறுநாள்தான் போன் வாளிக்குள் போனது. ஆகவே, அவனுக்கு என்னிடமிருந்து போய்ச் சேர்ந்த கடைசிச் சொல் அதுதான். எத்தனையோ பொய் சொல்லியிருக்கிறேன், எல்லாம் அவனைச் சிரிக்க வைத்த பொய். இது ஒன்றுதான் அப்படி இல்லாமல் போனது. அதை எடுத்துக்கொண்டு அவன் ஊசிக்குப் போகக்கூடாது. இதுதான் எனக்கு வேண்டியது. ஊசிக்கு முன்னால் ஒரு நிமிஷம் போதும். அந்தக் கதவுக்காரனிடம் இதை எந்தக் கட்டத்தில் எழுதிக் கொடுப்பது?

என்ன, எழுந்துவிட்டாய்? உன்னைக் கூப்பிடுகிறார்களா? போனை ஏன் என்னிடம் நீட்டுகிறாய்? கண்ணாடி சட்டைப் பையில் இருக்கிறது, இரு, இரு.

மேலே 'அப்பா' என்று போட்டிருக்கிறது.

'வந்துட்டானா?'

'வந்துட்டார்ப்பா. உக்காருறதும் எந்திரிக்கிறதுமா இருக்கார்.'

'என்ன சொல்றான்?'

'உங்கள ஏமாளிங்கறார்.'

'சொல்லட்டும். நடுவுல நிறுத்துனா கோவிச்சுக்குவான், கேட்டுக்கிட்டே இரு. பத்து அடிச்சதும் கூட்டிட்டு வா. பிளேன்ல வந்தானா பஸ்ஸிலயான்னு மட்டும் கேட்டுச் சொல்லு.'

தாயி.

இது எப்போதிலிருந்து நடக்கிறது? நான் உட்கார்ந்ததிலிருந்தா? உன் அப்பாவா அவன்? அப்படியானால் அவனுக்குத் தெரியுமா, எல்லாம்? எப்போதிலிருந்து? சஞ்சீவி மலையிலிருந்தா? இல்லை, அதற்கும் முன்னாலா? நல்லது. ரொம்ப நல்லது. சிங்கப்பூர் மழையை நான் மூன்று வருஷம் தினமும் பார்த்திருக்கிறேன், அது யாருக்காக?

இரு, ஒன்று கேட்கிறேன். அவன் எந்தத் துறைமுகத்தில் வேலை பார்த்தான்? குடிநீர்த் தொட்டியிலா? மோட்டார் போடுகிறவனா? கப்பல்? கப்பலே ஏறியதில்லையா? ராமேஸ்வரத்தில் படகா, அதிலும் வாந்தியா? மூன்று வருஷமாக என்னை வைத்துக்கொண்டு வாய் கூசாமல் பொய் சொல்லியிருக்கிறான். பசு கன்று போட்டது வரைக்கும் நான் நம்பினேன், தாயி. இப்படிப்பட்டவன் முகத்தில் எப்படி விழிப்பது? இல்லை, போகாமல் இருப்பேனா, நட. அவன் நிஜப் பெயர் என்ன? சொல்லக் கூடாதா? நான் முதலில் சொன்னால்தான் அவன் சொல்வானாமா? ஆட்டத்தில்கூட முதல் காய் என்னை வைக்க விட்டுவிட்டுத்தான் அவன் நகர்த்துவான். திருட்டுப் புலி.

தம்பி, கதவைத் திற. இந்தப் பெண் கூட வருகிறேன், பார்த்துக்கொள். நோட்டில் எழுத வேண்டுமா? சரி, நீயே எழுது, நான் சொல்கிறேன். பெயர், சங்கரபாண்டியன். ஆமாம், என் பெயர்தான், வேறு யாருடையதும் இல்லை. ஆதார் வேண்டுமா? இந்தா. ஊர், ராஜபாளையம். போன் நம்பர் அட்டையின் பின்னால் மருமகள் எழுதி ஒட்டியிருக்கிறாள், பார்த்து எழுதிக்கொள், ஒரு எண்ணும் விட்டுவிடாதே.

உறவா?

இந்தப் பெண் சித்தப்பா என்று எழுதச் சொல்கிறாள். வேண்டாம் தாயி, பொய் எழுத வேண்டாம். சிநேகிதன் என்று எழுதலாமா? நான் அவன் முகத்தையே இன்னும் பார்க்கவில்லையே. தம்பி, 'கூட விளையாடுகிறவன்' என்று எழுது. கட்டத்துக்குள் அடங்கவில்லையா? பரவாயில்லை, பக்கத்துக் கட்டத்திலும் நீட்டி எழுது. நீ எழுதிக்கொண்டிரு, நான் போகிறேன்.